பானாவும் மானாவும்

என் வீட்டுக்காரருக்கு,

அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதிக்கொள்வது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நம் சிட்டுவுக்கு வீட்டிலேயே வாசிக்கச் சொல்லித் தருகிறேன் அல்லவா? எழுத்தின் பெயரைச் சொல்வதில்லை, ஒலியை மட்டும்தான். பானா என்பது பெயர், ப என்பதுதான் ஒலி. பழைய காலண்டர் அட்டையில் சொற்களை எழுதி வெட்டித் தரையில் பரப்புவேன். நான் சொல்லும் சீட்டை அவள் எடுத்துத் தர வேண்டும். ஒரே மாதத்தில் சமையலறை டப்பாக்களை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள்கூட அம்மாவை விட மக கெட்டிக்காரி என்று கிண்டல் செய்தீர்கள்.

இரண்டு வாரமாகத் தப்புத் தப்பாக எடுக்கிறாள். படி என்றால் மடியை எடுக்கிறாள். பாடு என்றால் மாடு. வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். திட்டும்போதும் அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

நேற்று உங்கள் தங்கை வந்திருந்தாள். நாங்கள் படிப்பதைச் சற்று நேரம் பார்த்தவள், "பெரியக்காவும் இப்படித்தான் வாயையே பாத்துக்கிட்டிருப்பா அண்ணி" என்றாள். எந்தப் பெரியக்கா என்று கேட்டேன். உளறிவிட்டது தெரிந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிட்டாள்.

நமக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தது எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?

அவள் போனதும் நோட்டால் என் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சிட்டு ஒரு சீட்டையும் தொடவில்லை. சிரித்துக்கொண்டே நோட்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்போதுதான் திரும்பினாள்.

கண்ணாடி முன்னால் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது. இந்த இரண்டு வாரமும் அவள் கேட்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனில் உங்களோடு பேச மாட்டேன் என்று தள்ளிவிடுகிறாளே, அது அடம் இல்லை.

காது டாக்டரிடம் இந்த மாதக் கடைசியில்தான் நேரம் கிடைத்தது. குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் காது மந்தம் இருந்ததா, எந்த வயதில் ஆரம்பித்தது, முழுக்கப் போக எத்தனை நாளானது என்று அங்கே கேட்பார்களாம். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த அக்காவுக்கு என்ன ஆனது, பேச்சும் போனதா, இப்போது எங்கே இருக்கிறார், எல்லாவற்றையும் எழுதுங்கள். என்னைப் பயமுறுத்திவிடுவோமோ என்று பார்க்காதீர்கள். இதற்கு மேல் பயப்பட என்னிடம் இடமில்லை.

இன்று காலை இரண்டே சீட்டு வைத்தேன். ஒன்றில் அம்மா, இன்னொன்றில் அப்பா. அப்பா என்று சொன்னேன். அவள் அம்மாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டினாள்.

லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் காதில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்போதே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கூப்பிடுங்கள். உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் மனைவி