பாக்கியம் வீட்டுக் காப்பி

என் பாக்கியம்,

நீ இருக்கிற இடத்தில் காலை நீட்டி உட்காரக் கொஞ்சம் நிழலாவது கிடைத்திருக்கும் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளையோடு நீ போய் ஒரு வருஷமாகிறது.

பத்திரிகையில் மாதம் இரண்டு மூன்று நினைவஞ்சலி வருகிறது. எல்லாம் பெரிய மனிதர்களுக்கு. சிகாமட் ரயில்வே கேட்டுக்காரர் முத்தனின் மனைவி பாக்கியம் என்று ஒரு வரிகூட எங்கும் வரப்போவதில்லை. உனக்கு எழுத்தும் தெரியாது. ஆனாலும் உன்னைத் தெரியாத நாலு பேராவது வாசிக்கட்டுமே என்று இதைப் பத்திரிகைக்கே அனுப்பப்போகிறேன்.

இன்று காலை சீனத் தவுக்கேயின் கடைக்குப் போயிருந்தேன். காப்பித்தூளுக்கு என்றே ஒரு தட்டு முழுவதையும் ஒதுக்கிவிட்டான். முயல் படம் போட்டது ஒன்று, மணி ஒன்று, நங்கூரம் ஒன்று, தாமரை ஒன்று. ஒரு டின்னில் வெள்ளைக்காரச் சீமாட்டி சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாள். பத்து லேபிள் சேர்த்துக் கொடுத்தால் பீங்கான் கோப்பை இனாமாம். நீ இருந்திருந்தால், "கோப்பை நல்லாத்தான் இருக்கும், காப்பி நல்லாருக்குமான்னு கேளுங்க" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்திருப்பாய். நான் தனியாக நின்று அந்தச் சீமாட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வழக்கமான இரட்டை மான் டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாம் முதலில் பார்த்ததும் அதே கடையில்தானே? அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் குமாஸ்தா, இந்த ஊர்ப் பேச்சில் கிராணி; காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஊரிலிருந்து கொண்டுவந்த கோப்பித்தூள் தீர்ந்துபோய், மலாயும் தெரியாமல் சீனமும் தெரியாமல், கடையில் ஒரு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"அம்மா, அத எடுக்காதீங்க. குடை சாப்புல சோளத்தக் கருக வறுத்துக் கலந்துடுறான். இந்த ரெட்டை மான் சாப்ப வாங்குங்க. கொஞ்சம் கசக்கும். ஆனா காப்பி."

டின்னில் இருக்கும் படத்தை மலாய்க்காரரைப் போல நீயும் சாப்பு என்பாய். படிக்கத் தெரியாத உனக்கு எல்லாப் படமும் மனப்பாடம். எந்த டின்னில் புளியங்கொட்டை, எந்த டின்னில் சோளம், எதில் சீனியை உருக்கிக் கறுப்பேற்றியிருக்கிறான் என்பதை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவாய்.

அன்றிலிருந்து மூன்று மணிக் கூட்ஸ் வண்டி போனதும் நீ வந்துவிடுவாய். என் குசினிக்குப் பின்வாசலில் இருக்கும் பலகைப் படியில் உட்காருவாய். நான் உள்ளே, நீ வெளியே. எங்கள் ஊர் முறைப்படி கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்துக் கோப்பி போட்டு, கையில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்து நான் குடிப்பதைப் பார்த்து, "இது என்னம்மா, கருப்பட்டிய எலி கடிக்கிற மாதிரி?" என்று கேட்டாய். இந்த நாட்டில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் கோப்பி என்பேன். மலாய்க்காரரும் கோப்பி என்பார்கள். சேலத்துக்காரி நீ ஒருத்தி மட்டும் விடாமல் காப்பி, காப்பி என்பாய்.

உனக்கென்று ஒரு நீல மங்கு வைத்திருந்தேன். அதில்தான் ஊற்றுவேன், கை படாமல், உயரத்திலிருந்து. குடித்துவிட்டு நீயே கழுவி வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டுப் போவாய். நானும் ஒன்றும் சொன்னதில்லை, நீயும் ஒன்றும் கேட்டதில்லை. என் ஊரில் அப்படித்தான். நாங்கள் இன்ன சாதி, நீங்கள் இன்ன சாதி என்று யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. கையே பார்த்துக்கொள்ளும்.

கேட்டுப் பக்கம் நான் வரும்போதெல்லாம் நீ கேட்பாய். "கிராணியம்மா, நம்ம வூட்ல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்களேன்."

"இப்பதான் குடிச்சனான், பாக்கியம்."

ஏழு வருஷம் அதையே சொன்னேன். காலையில் வந்தாலும் அதுதான், மத்தியானம் வந்தாலும் அதுதான். நீ ஒவ்வொரு முறையும் நம்புகிறவள் போலத் தலையாட்டினாய். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஏன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாய், பாக்கியம்? ஒருநாளாவது நான் சரி சொல்லிவிடுவேன் என்றா?

பிறகு அந்த வெள்ளம். என் வீட்டுக்காரர் லாபிஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார். பொழுது விடிவதற்குள் ஆற்றுத் தண்ணீர் குவாட்டர்ஸ் படிகளை விழுங்கிவிட்டது. நான் மேசைமேல் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். நீயும் முத்தனும் மார்பளவு தண்ணீரில் வந்தீர்கள். முத்தன் மகனைத் தூக்கிக்கொண்டார். ஐந்து வயது மகளை நீ தோளில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். நீ என்னைத் தொட்டது அதுதான் முதல்தடவை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. உயிர்ப்பயம்.

மேட்டுப் பாதையில் நின்ற ஒரு கூட்ஸ் பெட்டியில் பதினோரு பேர் ஏறியிருந்தோம். மழை விடவில்லை. மறுநாள் மத்தியானம் நீ ஒரு பழைய தகர டப்பாவில் கரியைப் பற்ற வைத்தாய். கூரையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வைத்தாய். வீட்டிலிருந்து நீ காப்பாற்றிக் கொண்டுவந்தது ஒரு இரட்டை மான் டின். மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. என் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தாய். அவர்கள் குடித்த பிறகு நடுக்கம் நின்றது. கடைசியில் தகரக் குவளையை என்னிடம் நீட்டினாய்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்கம்மா."

"வேண்டாம், இப்பதான் குடிச்சனான்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஏழு வருஷப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. முந்தின நாள் காலையிலிருந்து என் தொண்டையில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது பெட்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மூலையில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார்.

நீ சிரிக்கவில்லை. "எங்கம்மா குடிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாய்.

நீ அந்த டின்னைக் கையில் எடுத்தாய். "இந்தத் தூள யாரு பறிச்சா, யாரு வறுத்தா, யாரு டின்னுல அடைச்சான்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லியே. அவுங்க கையெல்லாம் உங்களுக்கு ஆவுது. நான் ஊத்துனா மட்டும் ஆவலியா?"

நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நீ நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே ஓடுகிற செம்மண் தண்ணீரைப் பார்த்தேன். அப்போதாவது கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.

வெள்ளம் வடிந்தது. நீ வருவதை நிறுத்திவிட்டாய். கேட்டைத் தாண்டும்போது, "சௌக்கியமா, கிராணியம்மா?" என்று கேட்பாய், அவ்வளவுதான். அந்த மாதங்களில்தான் பிள்ளைகளைப் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம் அனுப்பினோம். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று மணி வண்டி போகும், பாத்திரங்கள் அதிரும், அதற்குப் பிறகு ஆறு மணிவரை நான் ஒருத்தி. ஒருவருக்கு மட்டும் கோப்பி போட எனக்குத் தெரியவில்லை. தினமும் மிஞ்சியது. தினமும் வாழை மரத்தடியில் ஊற்றினேன். ஊரைவிட்டு வந்தபோதுகூட அப்படி ஒரு தனிமை எனக்கு இருந்ததில்லை.

நாலு மாதம் பொறுத்தேன். ஒருநாள் கூட்ஸ் வண்டி போனதும் தண்டவாள ஓரமாக நடந்து உன் வீட்டுக்கு வந்தேன். நீ விறகு பிளந்துகொண்டிருந்தாய்.

"என்னம்மா, யாருக்காச்சும் மேலுக்கு முடியலியா?"

"இல்லை. கோப்பி குடிக்க வந்தனான்."

கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாய். "இங்க கோப்பி இல்லீங்க. காப்பிதான் இருக்கு."

"அதையே தா, பாக்கியம்."

உள்ளே வந்து உன் பாயில் உட்கார்ந்தேன். தூள் மிதக்கிற, டின் பால் தாராளமாக ஊற்றிய, வாய் சுடுகிற காப்பி. ஒரு மிடறு போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பிழை விட்டிட்டன்" என்றேன். நீ உன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரி சரி, ஆறிப் போவுது, குடிங்க" என்றாய். இனிமேல் அம்மா என்று கூப்பிடாதே என்று சொன்னேன். பின்ன எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாய். அக்கா என்று கூப்பிடு என்றேன். நீ வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாய்.

அதன் பிறகு நீ என் குசினிக்கு உள்ளே. அந்த வருஷம் பொங்கலுக்கு எங்கள் ஆட்கள் மூன்று குடும்பம் வந்ததும், அடுப்படியில் உன்னைக் கண்டதும், ஒருத்தருக்குத் தலைவலி, ஒருத்தருக்கு அவசர வேலை என்று எழுந்து போனதும் நினைவிருக்கிறதா? மேசைமேல் ஊற்றி வைத்த கோப்பி அப்படியே நின்றது. நீயும் கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாய். என் வீட்டுக்காரர் அதுவரை இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசினதில்லை. "ஆக்கள் கதைக்கினம்" என்று சொல்வார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இவ்வளவையும் நான் ஒருத்தன் குடிக்க ஏலாது. போய் முத்தனையும் கூட்டிக்கொண்டு வா, பாக்கியம்" என்றார். அந்த மூன்று குடும்பமும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. ஆனால் உன்னோடு பன்னிரண்டு வருஷம் காப்பி குடித்தேன்.

போன வருஷம் உனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டபோது, தூக்குச் சட்டியில் கோப்பி எடுத்து வந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "கொத்தமல்லி போட்டுட்டீங்களா அக்கா?" என்று முகத்தைச் சுளித்தாய். உடம்புக்கு நல்லது என்றேன். அப்போது ஒருவர் புத்தகத்தோடு வந்து உன் பேர் கேட்டு எழுதிக்கொண்டு, வயது கேட்டார். நாற்பத்து மூன்று என்றாய்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு. "நீ என்னிலும் மூத்தவளோடி? ஏன் இத்தனை நாள் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லியேக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் காலை நான் வந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ரப்பர் விலை விழுந்து ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்ததில் முத்தனுக்கும் வேலை போயிற்று. ஆறு மாதத்துக்கு முன் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கேட்டு வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். இந்த ஊரில் உன் பேரைச் சொன்னால் முகம் நினைவுக்கு வருகிறவர்கள் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பேர்தான். வருகிற தை மாதம் என் வீட்டுக்காரருக்கு வேலை முடிகிறது. நாங்களும் யாழ்ப்பாணம் போகிறோம். அதற்குப் பிறகு உன் மண்மேட்டுக்கு யார் வந்து புல்லைப் பிடுங்குவார்கள்? நேற்றுப் போய்ப் பிடுங்கிவிட்டு வந்தேன். மழை இரண்டு பெய்தால் பழையபடி மூடிவிடும்.

பாக்கியம், யாழ்ப்பாணத்தில் என் அம்மா வீட்டு முற்றத்தை வள்ளி என்று ஒருத்தி கூட்டுகிறாள். நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே கூட்டுகிறாள். வேலிக்கு வெளியே நின்று தேங்காய்ச் சிரட்டையில்தான் குடிப்பாள். நான் அங்கே போன முதல் கிழமையே அவளை உள்ளே கூப்பிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் குடிக்கிற பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பேன். அம்மா உயிரோடு இருக்கிறாள், வீடு இரண்டுபடும். என் மகளுக்குக் கல்யாணப் பேச்சும் நடக்கிறது. சபைக்குச் சபை என்னைப் பற்றிக் கதைப்பார்கள். இங்கே உன் பாயில் உட்கார்ந்ததைப் போல அங்கே லேசாக இருக்காது. வள்ளியே பயந்து வரமாட்டேன் என்றும் சொல்லலாம். அவள் வராவிட்டால் மறுநாளும் கூப்பிடுவேன். ஏழு வருஷம் ஆனாலும் கூப்பிடுவேன்.

இது உன்மேல் ஆணை.

உன் தங்கை,
நாகம்மா
சிகாமட் ரயில்வே குவாட்டர்ஸ்