லிபியாச் சூப்பும் என்ர பொங்கல் பானையும்

10.01.2025 வெள்ளி

வேலையாலை வந்து கதவைத் திறக்க முதலே மணம். வெள்ளிக்கிழமை. என்ர வீட்டிலை. இறைச்சி மணம்!

குசினிக்குள்ளை போனால் இவர் ஏப்பிரனும் கட்டிக்கொண்டு நிக்கிறார். அடுப்பிலை என்ர பொங்கல் பானை. பொங்கலுக்கும் நவராத்திரிச் சுண்டலுக்கும் தவிர வேறை எதுக்கும் எடுக்காமல், துணி சுத்தி மேல்தட்டிலை வைச்சிருக்கிற பானை. கதிரையிலை ஏறி எடுத்திருக்கிறார். அதுக்குள்ளை ஆட்டிறைச்சி, தக்காளி பேஸ்டிலை செக்கச்செவேலெண்டு கொதிக்குது.

"அடி தடிப்பான பானையப்பா, அதுதான்" எண்டார். அடி தடிப்பாம்! பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு.

முப்பது வருசம் ஒஸ்லோவிலை ரிறாம் ஓட்டின மனுசன். ஒருநாள் ஒரு தேத்தண்ணி போட்டதில்லை. போன கோடையிலை பென்சன் எடுத்தவர், அண்டையிலையிருந்து வெள்ளிக்கிழமை எண்டால் லிபியாச் சூப். கலியாணத்துக்கு முதல் லிபியாவிலை கட்டட வேலை செய்தவர். அங்கை வெள்ளிதான் லீவாம், லீவுக்குத்தான் சூப்பாம். லிபியாவுக்கு வெள்ளி லீவெண்டால் என்ர பிள்ளையாருக்கு வெள்ளி விரதம். சனிக்கிழமை காய்ச்சினால் தொண்டைக்குள்ளை இறங்காதோ? கேட்டன். "வெள்ளிக்கிழமைதான் அது சூப்" எண்டார். விசர்க்கதை.

11.01 சனி

"மிச்சம் கிடக்கு. இண்டைக்குச் சனிதானே, ஒரு வாய் குடிச்சுப் பாருமன்" எண்டார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சினதை எப்ப குடிச்சாலும் வெள்ளிக்கிழமைப் பாவம்தான் எண்டன். முகம் சுருங்கிப் போச்சு. சுருங்கட்டும்.

14.01 செவ்வாய்

பொங்கினன். கிழக்குப் பக்கம்தான் வழிஞ்சது. ஆனால் பானையின்ர அடியிலை ஒரு செம்மஞ்சள் வட்டம். சோடா போட்டு, தேசிக்காய் போட்டு, கை நோகத் தேய்ச்சும் போகேல்லை. பிள்ளையார் மன்னிப்பார். நான் மன்னிக்கமாட்டன்.

16.01 வியாழன்

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய் தனக்கெண்டு ஒரு கறுப்பு இரும்புப் பானை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "இனி உம்மடை பானைப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்." நல்லம்.

பின்னேரம் உளுந்து ஊறப்போடக் கோப்பையைத் தேடினால் அதுக்குள்ளை கடலை ஊறுது. நாளையச் சூப்புக்காம். பானை போனால் கோப்பை!

17.01 வெள்ளி

சிங்க் அடைச்சுப் போச்சு. நெல்லுமணி மாதிரி ஒரு சின்ன மக்கறோனி, சூப்புக்குள்ளை கடைசியிலை போடுறவர், அது ஊதிப்போய்க் குழாயிலை நிக்குது. அடுப்பை அணைச்சு நூத்தாப்பிறகு காஞ்ச புதினாவை உள்ளங்கையிலை வைச்சுக் கசக்கிப் போடுறார், பாதி பானைக்குள்ளை, பாதி என்ர அடுப்பிலை. வீடெல்லாம் பற்பசை மணம்.

குரோன்லாண்டிலை ஒரு அரபுக் கடையிலை தூள் வேறை வாங்கிறார். மணந்து பாத்தன். மல்லி, சுக்கு, மஞ்சள், கறுவா. எல்லாம் என்ர அலுமாரியிலை கிடக்கிற சாமான். பிறகென்னத்துக்கு அங்கை போய்க் காசைக் குடுக்கிறார்? எண்ணெயைப் பாத்தால் அதுக்கு மேலை. அரைப் போத்தல்! ஒரு வெங்காயம் பொரிக்க அரைப் போத்தலோ?

24.01 வெள்ளி

இண்டைக்கு என்னிலைதான் பிழை எண்டு தக்ஷாயினி சொல்லுறாள். பெத்த மகளே தேப்பன்ர பக்கம்.

நடந்தது இவ்வளவுதான். இவர் போனும் கையுமாய் பல்கனிக்குப் போயிட்டார். எட்டிப் பாத்தன். இறைச்சிக்கு ஒரு சொட்டு எங்கடை தூள் இல்லை, உறைப்பு இல்லை, காய்ச்சல்காரன்ர கஞ்சி மாதிரிக் கிடக்கு. பாவம் பாத்து ரெண்டு கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டன். கையாலை தொடேல்லை, மேலாலைதான் போட்டன். விரதம் கெடேல்லை.

வந்து மணந்து பாத்தவர், அப்பிடிக் கத்தினார். "அதிலை தூள் போடாதையும்! அது எங்கடை கறி இல்லை!" இவ்வளவு வருசத்திலை இந்த மனுசன்ர வாயிலை அப்பிடி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. பானையோடை ஊத்திப்போட்டார்.

பிறகு தானே வந்து பக்கத்திலை இருந்து சொன்னார். எண்பத்திமூண்டு ஆடி. இவர் லிபியாவிலை. கொழும்பு எரியுதெண்டு ரேடியோ சொல்லுது. இவரின்ர அக்கா அங்கை வெள்ளவத்தையிலை ரெண்டு குழந்தையோடை. காகிதமும் இல்லை, தந்தியும் இல்லை. வேலைக்கும் போகாமல், சாப்பிடாமல், காம்பிலை சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தவராம். கூட வேலை செய்த சாலிம் எண்ட மேசன், வெள்ளிக்கிழமை தன்ர வீட்டிலையிருந்து இந்தச் சூப்பைச் சட்டியோடை கொண்டந்து, குடிச்சு முடியுமட்டும் எழும்பாமல் முன்னாலை குந்தியிருந்தவனாம். அக்கா உயிரோடை இருக்கிறா எண்டு காகிதம் வருமட்டும் ஒவ்வொரு வெள்ளியும்.

"மச்சாளுக்கு, உங்கடை அக்காவுக்கு, இது தெரியுமோ?" எண்டு கேட்டன். "அவவுக்கு ஏன்?" எண்டார்.

எனக்கும்தான் ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? அதுவும் கோவம்.

02.02 ஞாயிறு

இவர் போயிட்டார். விடிய முகம் கழுவப் போனவர், விழுந்தவர் எழும்பேல்லை. ஹார்ட்டாம்.

05.02 புதன்

ஆரைக் கேட்டுப் போனீங்கள்?

எனக்கு அழுகை வரேல்லை. கோவம்தான் வருது. வந்த சனமெல்லாம் "அழுதால்தான் ஆறும்" எண்டு முதுகு தடவுதுகள். தடவாதையுங்கோ!

13.02 வியாழன்

நேற்று தகனம் முடிஞ்சுது. பத்து நாள் ஐஸிலை வைச்சுத்தான் தந்தவங்கள், இந்த நாட்டிலை சாகிறதுக்கும் வரிசை. தகனத்திலையிருந்து எண்ணி வாற புதன் எட்டுச்செலவு எண்டு மச்சாள் முடிவு. வசந்தமலர் மச்சாள், இவரின்ர அக்கா, லோறென்ஸ்கூக்கிலையிருந்து வந்து இஞ்சைதான் நிக்கிறா. எல்லாம் அவதான். நான் சும்மா கதிரை.

எட்டாம் நாளிலை, போனவருக்குப் பிடிச்சதெல்லாம் காய்ச்சிப் படைக்கவேணும், மீன், இறைச்சி எண்டு மச்சம், சாராயம் எல்லாம். மச்சாள் சொல்லிக்கொண்டு போறா: ஆட்டுக்கறி, நண்டு, முட்டைப்பொரியல், புட்டு. "லிபியாச் சூப்" எண்டன்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? லிபியாச் சாப்பாட்டை அவன் கண்ணிலையும் காட்டக்கூடாது. அங்கையிருந்து போட்ட காகிதத்திலையெல்லாம் சாப்பாடு வாய்க்குள்ளை வைக்கேலாது எண்டுதான் எழுதினவன். என்ர தம்பிக்கு என்ன பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

தெரியாது. வாய்வரைக்கும் வந்தது, விழுங்கினன்.

குசினிக்குப் போனன். இரும்புப் பானையைக் காணேல்லை. அரபுத் தூள்ப் போத்தலைக் காணேல்லை. செத்தவீட்டுத் துடக்கு, மச்சம் புழங்கின பழஞ்சாமான் எண்டு மச்சாள் எல்லாத்தையும் குப்பை அறையிலை போட்டிட்டாவாம். ஓடிப்போய்ப் பாத்தன். லொறி வந்து ஏத்திக்கொண்டு போயிட்டுது.

இந்தப் பானையை வீட்டாலை வெளியிலை எறியவேணும் எண்டு வாங்கின நாளிலையிருந்து கத்தினவள் நான்தான். ஆனால் எறியிறதெண்டால் அது நான் எறியவேணும். வேறை ஆர் எறியிறது?

18.02 செவ்வாய்

மச்சாள் சாமான் வாங்கப் போனநேரம் தக்ஷாயினியைக் கூப்பிட்டன். நாளைக்கு அப்பாவுக்குச் சூப் வைக்காமல் விடமாட்டன் எண்டன். "அம்மா, உங்களுக்கு அது செய்யத் தெரியுமோ?"

தெரியாது. ஒருநாள் கிட்ட நிண்டு பாக்கேல்லை. வாயிலை வைக்கேல்லை. அவள் போனிலை தேடிக் காட்டினாள், ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. இதிலை அப்பான்ரை எது? அவளுக்கும் தெரியாது. குடிச்சுத்தான் பழக்கம்.

வெறும் அடுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டன். அப்பிடியொரு விசர் வந்தது. ஏசத் தொடங்கினன், அவர் நிக்கிறமாதிரி, சத்தமாய். ஒரு வெங்காயத்துக்கு அரைப் போத்தல் எண்ணெயோ எண்டு கத்தினன். கத்திப்போட்டு யோசிச்சன்: ஓம், எண்ணெய் கனக்க. வெங்காயத்தோடை இறைச்சி. பிறகு என்ர பானையைக் கறையாக்கின தக்காளி பேஸ்ட். என்ர அலுமாரியிலை கிடக்கிற மல்லி, சுக்கு, மஞ்சள், கறுவா. என்ர உளுந்துக் கோப்பையிலை ஊறின கடலை. சிங்க்கை அடைச்ச நெல்லுமணி. நூத்தாப்பிறகு பற்பசை மணம். நான் ஏச ஏச மகள் ஒவ்வொண்டாய் எடுத்து மேசையிலை வைச்சாள். ஏசினதிலை ஒண்டும் மறக்கேல்லை.

பானைதான் இல்லை. அடி தடிப்பாய் வீட்டிலை வேறை ஒண்டும் இல்லை.

கதிரையிலை ஏறினன். "அம்மா, அது பொங்கல் பானை!" எண்டாள். எனக்குத் தெரியாதோ?

19.02 புதன், எட்டு

மற்ற மூண்டு அடுப்பிலையும் மச்சாள்ரை கறி. நாலாவதிலை என்ர பானை. எல்லாரும் விலகி வழி விட்டினம், என்ர முகத்தைப் பாத்திருப்பினம்.

மக்கறோனி போட்டு மூடியைத் திறந்து வைச்சிட்டு காஞ்ச புதினா எடுக்கத் திரும்பினன். திரும்பிப் பாத்தால் மச்சாள் கரண்டி நிறையத் தூளோடை பானைக்கு மேலை கையை நீட்டிக்கொண்டு. "தூள் போடாமல் என்ன இறைச்சி பிள்ளை, அவன் வாயிலை வைப்பானோ?"

"அதிலை தூள் போடாதையுங்கோ! அது எங்கடை கறி இல்லை!"

என்ர சத்தம்தான். ஆனால் அவர் கத்தின மாதிரியே வந்தது. அதுக்குப் பிறகு என்னாலை நிப்பாட்டேலாமல் போச்சு. "நீங்கள் சொல்லுற காகிதமெல்லாம் எண்பத்திமூண்டுக்கு முதல் வந்தது மச்சாள்! நீங்கள் வெள்ளவத்தையிலை இருக்கிறீங்களோ செத்தீங்களோ எண்டு தெரியாமல் அந்த மனுசன் கிடக்கேக்கை வாயாலை இறங்கினது இது ஒண்டுதான். உங்களுக்காகக் குடிச்ச சூப். உங்களுக்கே தெரியாது!"

  மச்சாள் தூளைத் திருப்பிப் போத்தலுக்குள்ளை கொட்டினா, பாதி நிலத்திலை. "அண்டைக்கு ஒரு தந்தி குடுத்திருக்கலாம்" எண்டா. "தபால் கந்தோர் பூட்டு, பிள்ளை."  புதினாவை எடுத்து அவவின்ர உள்ளங்கையிலை வைச்சன். கசக்கிப் போட்டா.

இவரின்ர படத்துக்கு முன்னாலை, நண்டுக்கும் புட்டுக்கும் நடுவிலை கோப்பையை வைச்சம்.

படைச்சு எடுத்தாப்பிறகு நானும் குடிச்சன். முதல் தரம்.

இவ்வளவு ருசியெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? எண்டு கேக்க வாய் உன்னுது. சொன்னவர்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னவர். அப்பதான் அழுகை வந்தது, நல்லாய், சத்தமாய், சனத்துக்கு முன்னாலை.

16.01.2026 வெள்ளி

இவரின்ர ஆட்டைத்திவசம், அந்த ஒரு வருசம், இன்னும் முடியேல்லை, அதாலை நேற்றுப் பொங்கேல்லை. அடுத்த வருசம் பொங்க வேறை பானைதான் வாங்கவேணும். இந்தப் பானை இப்ப அடுப்படியை விட்டு மேல்தட்டுக்கு ஏறுறதேயில்லை, செம்மஞ்சள் வட்டம் கழுத்துவரைக்கும் வந்திட்டுது.

மச்சாள் போன் எடுத்தவா. "நாளைச் சனிக்கும் சூப் உண்டோ?" ஓம் எண்டன். தூள்ப் போத்தலோடை வந்தால் கதவு திறக்கமாட்டன் எண்டும் சொன்னன்.

வெள்ளிக்கிழமை என்ர வீட்டிலை மச்சம் இல்லை. அது ஆருக்காகவும் மாறாது, படத்திலை இருக்கிற உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்.

கடலை மட்டும் ஊறப்போட்டிருக்கிறன், உளுந்துக் கோப்பையிலை. கடலை சைவம்தானே.