சத்திரக்குடி தாண்டி நீங்கள் தனியாகப் போன மாலை

அண்ணே,

இன்று காலை மண்டபத்தில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தபோது, லாரியில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் பல்வலிக்கு ஒரு கிராம்பை எடுத்துக் கடித்தாள். வாசனை எழுந்ததும் சட்டென்று திரும்பினேன். நீங்கள் போய் ஏழு வருஷம் ஆகிறது. தெரிந்தேதான் திரும்பினேன்.

அவள் தங்கச்சிமடத்துக்காரி. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. "ஆறு மாசம் கூட வச்சு லாரி பழக்கிவிடு" என்று முதலாளி என்னிடம் அனுப்பியிருக்கிறார், அன்று என்னை உங்களிடம் அனுப்பியதுபோல. அவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்குமுன் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது.

என் வீட்டுக்காரர் காமாலையில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் ஓட்டிய மீன் லாரி கொட்டகையில் சும்மா நின்றது. கடற்கரைத் திடலில் விளையாட்டாக எனக்கு அதை ஓட்டக் காட்டியிருந்தார். அந்த ஒரு தைரியத்தில் முதலாளி முன்னால் போய், "அந்த வண்டிய நானே ஓட்டுறேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்தார். "பாய்கூட கிளீனரா ஏறிக்க. அவரு சரின்னாருன்னா லைசென்ஸுக்கு எழுதிப் போடுவோம்" என்றார்.

மறுநாள் நீங்கள் மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவர் நமக்கு நடுவில் உட்கார்ந்தார். ஊர் வாயை மூட உங்களுக்குத் தெரிந்த வழி அது. ஒரு மாதம் மூன்று பேரும் தோள் இடித்துக்கொண்டு மதுரைக்குப் போய்வந்தோம். பரமக்குடி டீக்கடையில் ஒருவன், "என்ன பாய், புதுக் கிளீனரு சேலை கட்டியிருக்கு?" என்று இளித்தான்.

"கட்டியிருந்தா என்னலே? உன்னய விட நல்லா கியர் போடும்" என்றீர்கள். நான் நன்றாகச் செய்கிறேன் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் ஏச்சுத்தான். "செத்த மீன்தானேன்னு குலுக்காத. ஐஸ் ஒடைஞ்சா மதுரையில நாத்தந்தான் எறங்கும்." ஏச்சுக்கு நடுவே ஒரு கிராம்பை நீட்டுவீர்கள், தூக்கம் வராமலிருக்க.

பொழுது சாய்ந்தபின் என் கையில் வண்டி கூடாது என்பது முதலாளி உத்தரவு. அந்த நேரத்தில் நீங்கள்தான் ஓட்டினீர்கள். மதினி வருவதை நிறுத்திச் சில மாதம் கழிந்திருக்கும். ஒருநாள் பரமக்குடிக்கு இந்தப்புறம், கண்ணெதிரே ஒரு வைக்கோல் வண்டி போகிறது. நீங்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"அண்ணே, வண்டி!"

பிரேக் அலறி நின்றது. மாட்டு வண்டிக்காரன் மண்ணை வாரித் தூற்றினான். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றீர்கள். நீங்கள் பார்க்கவில்லை. பொழுது மசங்கினால் உங்களுக்கு ரோடு தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் பேச்சுக்காரியானேன். "பாலம் வருது பாருங்கண்ணே", "ரெண்டு ஆடு நிக்கிது", "எதுக்க பஸ்ஸு". நீங்கள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றீர்கள். அது பேச்சல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். மூன்று வாரம் அப்படி ஓட்டினோம்.

நான் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீங்கள் இறங்கிவிட்டால் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ள வேறு எந்த டிரைவரும் இல்லை. லைசென்ஸ் கைக்கு வரும்வரை உங்கள் கண் தாங்கினால் போதும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அண்ணே.

மதுரையில் டெஸ்டுக்கு நாள் வந்தது. அங்கேயே ஒரு லாரிக்கு முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். நான் காலை ரயிலில் போக வேண்டும். அன்று பிற்பகல் லோடை நீங்கள் தனியாகக் கொண்டுபோக வேண்டும். கொட்டகையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நீங்கள் என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு வந்தீர்கள்.

"தங்கச்சி, இந்த டெஸ்ட அடுத்த மாசம் வச்சுக்கிட்டா..." என்று ஆரம்பித்தீர்கள்.

நான் முடிக்கவிடவில்லை. "ரயிலுக்கு நேரமாச்சு, வாரேண்ணே" என்று நடந்துவிட்டேன். நீங்கள் என்ன கேட்க வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாமலா?

டெஸ்டில் பாஸானேன். மறுநாள் மண்டபத்தில் ரயிலைவிட்டு இறங்கும்போது முதலாளி வீட்டு ஆள் காத்திருந்தான். சத்திரக்குடி தாண்டிப் பாலம் வேலைக்காக ரோட்டின் குறுக்கே கல் அடுக்கியிருந்தார்களாம். நீங்கள் வேகம் குறைக்கவே இல்லையாம். லாரி கண்மாய்க்குள் கவிழ்ந்து கிடந்தது. ஐஸும் மீனும் சேற்றில் மிதந்தன என்றார்கள். உங்களை எடுத்தபோது உயிர் இல்லை. "தூங்கிட்டாருபோல" என்றது ஊர். நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராத இத்தாவில் மதினி இருந்தார். இருபதாம் நாள், தாங்க முடியாமல் போய் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பாத்தது மூணு வாரம்" என்றார் மதினி. "நான் பாத்தது ஒண்ணரை வருசம். மசங்கினா சோத்துத் தட்டத் தடவுவாரு. உன்கூட ஒரு மாசம் நடுவுல உக்காந்து வந்தேனே, ஊரு வாய்க்காகவா வந்தேன்? முழங்கையால இடிச்சு அவருக்கு ரோட்டச் சொல்ல வந்தேன். நீ வெவரமான புள்ளைன்னு தெரிஞ்சதும் நின்னுக்கிட்டேன்."

இன்னொன்றும் சொன்னார். "போறதுக்கு மொத நா ராத்திரி என்ட்ட சொன்னாரு. 'அந்தப் புள்ள லைசென்ஸ் எடுத்துட்டா வண்டி அதுக்கு. நான் கிளீனரா ஏறிக்கிருவேன். முதலாளிட்ட நானே சொல்றேன்'னு."

அதற்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அண்ணே.

மதினி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இன்றும் நோன்புக் கஞ்சி என் வீட்டுக்கு வருகிறது. அதைக் குடிக்கத்தான் முடிவதில்லை.

மழைக்காலங்களில், மசங்கும் நேரத்தில், சத்திரக்குடி தாண்டும்போது காலியான இருக்கையிலிருந்து "ம்" என்று கேட்பதுண்டு. அப்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டுவேன்.

இன்று தங்கச்சிமடத்துப் பெண் உச்சிப்புளி அருகே, "அக்கா, எனக்கு ஒண்ணு..." என்று இழுத்து நிறுத்திவிட்டாள். மதுரையில் லோடுக்குக் காத்திருப்பார்கள், ஐஸ் வடிந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினேன்.

"சொல்லு. முழுசாச் சொல்லு" என்றேன்.