நடுரோட்டில் நின்ற நாற்காலி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் சமாதானம் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பாடம் முடித்துவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பும்போது, என் சக்கர நாற்காலி நடுரோட்டில் நின்றுவிட்டது. தள்ளினாலும் நகரவில்லை, பிரேக் பிடித்துக்கொண்டது. திரையில் ‘அங்கீகரிக்கப்படாத பேட்டரி’ என்று எழுத்து. ஒரு பஸ் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். நாலு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு என்னைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

பழைய பேட்டரி செத்துப்போய், கடையில் அதே அளவில் புதுசு வாங்கிப் போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. உங்கள் கம்பெனியைக் கேட்டால், அவர்கள் பேட்டரிதான் போட வேண்டுமாம். ஆள் வர ஏழு வாரமாம். அதுவரை என் வகுப்பை யார் எடுப்பது? நீ அங்கேதானே வேலை பார்க்கிறாய். வேறு பேட்டரி போட்டால் நிறுத்திவிடுகிற இந்தப் பூட்டைத் திறக்க வழி சொல்.

உன் வாண்டு

மார்ச் 9

வாண்டு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பூட்டுக்கான புரோகிராமை எழுதியது நான். வேறு பேட்டரி போட்டால் எச்சரிக்கை மட்டும் வரும்படிதான் முதலில் எழுதினேன். “தீப்பிடிச்சா யாரு பொறுப்பு? மூணு நாள் டைம் குடுங்க, அப்புறம் நிறுத்திடுங்க” என்றார் மேனேஜர். ஓடும்போதே நிற்குமே என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

திறக்கும் எண் என்னிடம் இருக்கிறது. கொடுத்தால் வேலை போகும், வழக்கும் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள், கண்ணு.

அக்கா

மார்ச் 20

அக்கா,

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். உனக்கு அது நாற்காலி. எனக்குக் கால்.

உன் எண் எனக்கு வேண்டாம். கீழ்வீட்டு டி.வி. மெக்கானிக் உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டார். எந்த வயர் எங்கே போகிறது என்று யாரோ முழுசாக வரைந்து, யாரும் செய்துகொள்ளலாம், திருத்தலாம் என்று நெட்டில் விட்டிருக்கிற ஒரு சர்க்யூட் போர்டை அவரே செய்து பொருத்தினார். எந்தப் பேட்டரியையும் ஏற்றுக்கொள்கிறது. அவர் ஒரு சந்தேகம் எழுதிப் போட, முன்பின் தெரியாத ஒருவர் மறுநாளே பதில் அனுப்பினார். “இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லம்மா. தப்பு இருந்தா யார் கண்ணுலயாவது படும்” என்கிறார் மெக்கானிக்.

சமதரையில் ஓடுகிறது. முப்பதாம் தேதி பள்ளிக்கூடச் சரிவில் இறங்கப் போகிறேன். அந்த போர்டின் வயர் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

வாண்டு

மார்ச் 24

வாண்டு,

சரிவில் இறங்காதே. நீ போனை எடுக்கவில்லை, அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

படத்தில் பிரேக்குக்கான மின்சாரம் ஃபியூஸுக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. மின்சாரம் இருக்கும்வரை இந்த பிரேக் திறந்திருக்கும், மின்சாரம் நின்றால்தான் பிடிக்கும். பாதிச் சரிவில் ஃபியூஸ் போனால் மோட்டார் நின்றுவிடும், பிரேக் பிடிக்காது, நாற்காலி உருண்டு ஓடும். அந்த வயரை ஃபியூஸுக்குப் பின்னால் மாற்ற வேண்டும். சிவப்பு மையில் வரைந்திருக்கிறேன். இது கல்லூரியில் படித்தது, கம்பெனி ரகசியம் இல்லை.

இதே படத்தை நம்பி இன்னும் யார் யார் சரிவில் இறங்குகிறார்களோ என்று நினைத்தால் உட்கார முடியவில்லை. என் சொந்தப் பெயரிலேயே திருத்தத்தை நெட்டில் போட்டுவிட்டேன். இன்று மேனேஜர் கூப்பிட்டார். “நம்ம பெட்டியைக் கழட்டி எறியறவங்களுக்கு நீங்களே உதவலாமா? அதை எடுத்துடுங்க, இல்லேன்னா நீங்க கிளம்பலாம்” என்றார். கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

வயரை மாற்றிவிட்டுத்தான் இறங்கினேன். மெக்கானிக் கூடவே நடந்து வந்தார். பாதியில், சோதித்துப் பார்க்க, என்னிடம் சொல்லிவிட்டு ஃபியூஸை அவரே பிடுங்கினார். நாற்காலி அதே இடத்தில் நின்றது. அவர் ஃபியூஸைத் திரும்பப் போட, மீதிச் சரிவையும் இறங்கினேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நெட்டில் உன் படத்துக்குக் கீழே ஒரு அம்மா எழுதியிருக்கிறாள். அவள் மகளுடைய நாற்காலியில் ஃபியூஸ் ரொம்பச் சூடாகிறதாம். வெளியே கூட்டிப்போகப் பயமாக இருக்கிறதாம். இரண்டு நாளாக யாரும் பதில் சொல்லவில்லை.

முதலில் அவளுக்கு எழுது. அப்புறம் எனக்கு எழுது.

உன் வாண்டு