ஆணையிட்டு விட்ட சாக்லேட்

ஜூலை 11, 2025 – வெள்ளி

ஜும்ஆ முடிந்து மண்டி பூட்டியிருந்த நேரமாகப் பார்த்து, மகள் நிலோபரின் அத்தா என்னைக் கூட்டிப்போய் எடை போட்டார். வாழைத்தார் போடுகிற தராசு. வீட்டில் இருக்கிற சின்ன மெஷின் ஏறும்போது ஒன்று, இறங்கி ஏறினால் வேறொன்று காட்டுகிறது. வரவு செலவு எழுதிப் பழகியவளுக்கு அது சரிப்படாது.

எண்பத்து நாலு கிலோ நானூறு.

"தண்டுக் கழிவு போட்டு ரெண்டு கிலோ தள்ளிக்கிருவமா சல்மா?" என்றார். தாரை நிறுத்தால் தண்டுக்கென்று கழிப்பார்களே, அந்தக் கழிவு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கும்போது வந்தது.

தேனி டாக்டரம்மா சொன்னது: முட்டித் தேய்மானம் ஆரம்பம்தான். ஆபரேஷன் இப்போது வேண்டாம். எடையைக் குறைத்து, சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தால் முட்டி மடங்கும். "மடங்கும்" என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கம்பம் வரை பஸ்ஸில் வந்தேன்.

போன ரமலானிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். முடியாதவர்களுக்கு அது கூடும், தலையைக் குனிந்து சைகை செய்தால் போதும் என்று தெரியும். தெரிந்து என்ன? நெற்றி தரையில் படாமல் முடிகிற தொழுகை, ஒரு வீட்டு வாசல் வரை போய்விட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பியது போல இருக்கிறது. ஒரே ஒரு சஜ்தா, யா அல்லாஹ். தரையில்.

சோறு குறைப்பேன். எண்ணெய் குறைப்பேன். டீக்குச் சீனி நிறுத்தியாகிவிட்டது. சாக்லேட் பற்றி டாக்டரம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 12

காலையில் மூன்று பேருக்கும் கொள்ளுக் கஞ்சி. நிலோபர் குடித்துவிட்டு, "குதிரைக்குத்தான் இது வெப்பாக" என்று சொல்லிக் கல்லூரிக்குப் போனாள்.

ஜூலை 19 – சனி

இன்று மானம் போயிற்று.

என் நாத்தனார் ரெஹானா குமுளியில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறாள். அச்சிலிருந்து எடுக்கும்போது மூலை உடைந்தது, மேல் வெளுத்துப் போனது எல்லாம் விற்பனைக்கு ஆகாது. அதெல்லாம் பொட்டலமாக எனக்கு வரும். நாலு வருடமாக வருகிறது. தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருப்பேன். யாரும் இல்லாதபோது எடுப்பேன். எடுத்தால் ஒன்றோடு நிற்காது. யாராவது வந்துவிடுவார்கள் என்றே வேகமாகத் தின்பது.

ஊசி தேடப் போன நிலோபர் டிராயரை இழுத்துவிட்டாள். உள்ளே காலித்தாள்கள்.

"ம்மா, நீ நிக்காஹ் பண்ணுனது அத்தாவையா, இதையா? எங்களுக்கு மட்டும் குதிரைக் கஞ்சி!"

அவள் அத்தாவும் வாசலில் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாய் தன்னால் சொல்லிவிட்டது: "அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன், தரையில சஜ்தா செய்யிற வரைக்கும் ஒரு துண்டு சாக்லேட் இந்த வாயில படாது."

இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "எதுக்கு ஆணையெல்லாம் போட்டுக்கிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார்.

போட்டது போட்டதுதான். நல்லதற்காகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

எண்பத்து மூன்று. மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து ஆடிக் காற்று வீசியதில் மண்டி ஷட்டரே ஆடியது. "காத்துல முள்ளு ஆடுதோ என்னமோ" என்றார். முள் எங்கே இருக்கிறது, கரண்டுத் தராசில்.

சாக்லேட்டை நினைக்கவே கூடாது என்று நினைத்து நினைத்தே நாள் போகிறது. நேற்று அசர் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று மறந்தேன். என்ன ஞாபகத்தில் மறந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14 – வியாழன்

யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணிட்டேன்.

ரெஹானாவின் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று குமுளிக்குப் பார்க்கப் போனேன். கிளம்பும்போது பையில் ஒரு பொட்டலம் வைத்தாள். "மச்சி, நீங்க விட்டுட்டீகன்னு நிலோ சொன்னா. இது அண்ணனுக்கு. முந்திரி போட்டது. உடைஞ்சதில்ல, முழுசு."

அண்ணனுக்கு. அமானிதம். ஒப்படைத்த பொருள்.

இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். சாரல் அடித்ததால் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மூடின பஸ்ஸுக்குள் பையிலிருந்து அந்த வாசம். முதல் கொண்டை ஊசி வளைவில் பையை மடியிலிருந்து காலடிக்கு மாற்றினேன். அடுத்த வளைவில் எதற்கோ குனிந்து திரும்ப மடியில் வைத்தேன். முந்தானையை வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டேன். ஒரு துண்டு. நாக்கில் முதலில் கசந்து, பிறகு ஓரமாக இனிப்பு இறங்கி, கடைசியில் அந்த முந்திரி. நாலு வாரம் அடைத்து வைத்தது எல்லாம் உடைந்துகொண்டு போனது. பிறகு ருசி தெரியவில்லை. வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. லோயர் கேம்ப் வருவதற்குள் பொட்டலம் காலி.

ஆணைய முறிச்சேன். அமானிதத்தத் தின்னேன். எந்த முகத்தோட முஸல்லா விரிக்க?

விரித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்று குனிவதற்குக் கூட முகம் இல்லை.

ஆகஸ்ட் 15

ரெஹானா அவருக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அடுப்படி வரை கேட்டது. "அண்ணே, சாக்லேட் எப்படி இருந்துச்சு?"

அவர் எட்டி என்னைப் பார்த்தார். பிறகு, "நல்லா இருந்துச்சுத்தா. முந்திரிய இன்னும் ரெண்டு சேத்துப் போடலாம்" என்றார்.

அடுப்படிப் பக்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 18 – திங்கள்

ஆணையை முறித்தால் கஃப்பாரா என்று பரிகாரம் உண்டு. மூன்று நோன்பு. எப்போதோ நானே படித்து வைத்தது. இன்று முதல் நோன்பு பிடித்தேன். சுபுஹுக்கு முன்னே எழுந்து, ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும். தொடர்ந்து மூன்று நாள்.

மறைக்காமல் எழுத வேண்டும். மூன்று நாள் பட்டினியில் எடையும் ஒரு கிலோ இறங்குமே என்று ஓர் எண்ணம் உள்ளே ஓடுகிறது. விரட்டினால் போய், பிறகு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த நோன்பு யாருக்கு? அவனுக்கா, தராசுக்கா?

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

பெண்கள் மதரஸாவில் செவ்வாய்க்கிழமை வகுப்பு. முடிந்ததும் சுலைகா ஆலிமாவிடம் போய் நின்றேன். எனக்குப் பத்து வயது இளையவள். எல்லாம் சொன்னேன். பஸ், முந்தானை, எல்லாம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது:

"சல்மாக்கா, பத்துப் பேருக்குச் சோறு போட உங்க வீட்ல வசதி இல்லையா?"

"இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்."

"அப்பறம் எதுக்கு நோன்பு? பத்து ஏழைகளுக்கு ரெண்டு வேள வயிறார சாப்பாடு, இல்லாட்டி உடுப்பு. அதுதான் முதல்ல. அதுக்கு வழியில்லாதவுகளுக்குத்தான் மூணு நோன்பு. பாதிய மட்டும் படிச்சு வச்சிருக்கீக."

நான் தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரு கிலோ எண்ணத்தையும் சொல்லிவிட்டேன். ஆலிமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, கஃப்பாரா நீங்க மெலியிறதுக்கு இல்ல. பத்துப் பேரு நெறையிறதுக்கு."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். அல்லாஹ் ஆகுமாக்கினதை நமக்கு நாமே ஆகாதென்று ஆணை போட்டுப் பூட்டிக்கொள்ளக் கூடாதாம். அளவாகத் திங்கச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதானாம். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "நாற்காலியில தொழுதா பாதித் தொழுகைன்னு யாரு சொன்னது? முழுசும் போய்ச் சேரும்."

தெருவில் நடந்து வரும்போது முட்டி வலித்தது. மற்றதெல்லாம் இலேசாக இருந்தது. இன்றைக்குப் பிடித்த நோன்பை உபரியாக எடுத்துக்கொள் ரப்பே. திறக்கும்போது இரண்டு வடை தின்றேன். எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20

நிலோபரின் அத்தாவிடம் சொன்னேன். தெரியும் என்றார். பொட்டலத் தாள் என் முந்தானையிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததாம்!

"வீட்ல நாம சாப்பிடுறதுல நடுத்தரமானத குடுக்கணுமாம்" என்றேன்.

"நம்ம வீட்ல இப்ப நடக்குறது கொள்ளுக் கஞ்சி. பத்துப் பேரக் கூப்பிட்டு அத ஊத்துனம்னா அந்தப் பாவத்துக்கு வேற தனியாப் பரிகாரம் செய்யணும்." பிறகு, "ரெஹானாகிட்ட ஒனக்காக நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். அதையும் இதுல சேத்துக்கிற முடியுமான்னு ஆலிமாகிட்ட கேளு."

முடியாது. அதற்கு அவரே வருந்தித் தௌபா செய்யட்டும். அமானிதத்தைத் தின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு இனிப்பே ஆகாதுன்னு அவளுக்கு எப்பத்தான் தெரியப் போகுதோ" என்றார்.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

ஆலிமா சொன்ன பத்துப் பெண்களும் மதியமும் இரவும் வந்தார்கள். நெய்ச்சோறு, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. ராத்திரிக்குப் பரோட்டாவும் கறியும். கூலி வேலைக்குப் போகிறவர்கள், புருசன் இல்லாதவர்கள். எதற்குச் சாப்பாடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

மதியம் கை கழுவிவிட்டு மரியம் பீவி மட்டும் உட்கார்ந்தே இருந்தது. எழுபது வயது இருக்கும், ஆள் குச்சி.

"ஏத்தா, நெய்ச்சோறு போட்ட வீட்ல வாய்க்கு இனிப்பா ஒண்ணும் இல்லையா?"

ஒன்றரை மாதமாகச் சீனி வாங்காத வீடு. நிலோபர் என்னைப் பார்த்தாள். முனைக் கடைக்கு ஓடினாள். வந்தபோது கையில் இரண்டு பெரிய சாக்லேட் கட்டிகள். அங்கே அதுதான் இருந்ததாம். உடைத்து ஒவ்வொரு கையிலும் வைத்தாள். மரியம் பீவி தன் துண்டை இரண்டாக்கி ஒன்றை என் பக்கம் நீட்டியது.

"நீ திங்கலையா? ஊட்டுக்காரி திங்காம விருந்தாளி தின்னா செமிக்காது."

"ஒடம்பக் கொறைக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காக பீவி."

"இந்தா இத்தினியூண்டுலயா ஊதப் போற? எனக்குக் குடு, நான் ஊதிக்காட்டுறேன். அம்பது வருசமா முயற்சி பண்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வாங்கி வாயில் போட்டேன். முந்தானையை இழுக்கவில்லை. அவசரமில்லை. பத்துப் பேர் முகத்துக்கு நேராக, கரையும் வரை உட்கார்ந்து தின்றேன். சுண்டுவிரல் அளவு.

போதும் என்று இருந்தது. எனக்கு அப்படி இருந்ததே இல்லை.

செப்டம்பர் 3

டிராயரைக் காலி செய்து நூல் மட்டும் வைத்துவிட்டேன். ரெஹானா அனுப்பியது இப்போது சாப்பாட்டு மேசையில் கண்ணாடி டப்பாவில், எல்லோரும் பார்க்க. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு, உட்கார்ந்து.

நிலோபர்: "ம்மா, இன்னிக்கு ஒன் பங்க நான் எடுத்துக்கிறவா?"

"கைய ஒடச்சுப்புடுவேன்."

கொள்ளுக் கஞ்சியையும் வாரத்தில் இரண்டு நாளாக்கியாயிற்று. வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது.

செப்டம்பர் 9

பயிற்சி. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. அழுத்தும்போதெல்லாம் ஸலவாத் ஓதுகிறேன். இல்லாவிட்டால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும்.

செப்டம்பர் 26 – வெள்ளி

எழுபத்தொன்பது கிலோ இருநூறு. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஏறினேன். செருப்பு முந்நூறு.

"தாரு எளைச்சா மண்டிக்கு நட்டம்" என்றார். முகம் மட்டும் நட்டப்பட்ட ஆள் மாதிரி இல்லை.

மாடிப்படி ஏறுவது பரவாயில்லை. தரையில் உட்காரப் பார்த்தேன். பாதி வழியில் பயம் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். வலி இல்லை, பயம்தான்.

அக்டோபர் 16 – வியாழன்

தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது, கை உதவி வேண்டும் என்று ரெஹானா கூப்பிட்டாள். காலையிலேயே குமுளிக்குப் போனேன். நாள் முழுக்கச் சாக்லேட்டுக்குத் தாள் சுற்றினேன். மதியம் ஒரு துண்டு தின்றேன், வெண்ணெய் பிஸ்கட் வைத்தது. நன்றாக இருந்தது. மறுபடி தோன்றவில்லை என்று எழுத மாட்டேன். தோன்றியது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அசர் நேரம். கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி இல்லை. வீட்டிலிருந்த ஆறு நாற்காலியிலும் சாக்லேட் தட்டுகள் ஏறி உட்கார்ந்து ஆறிக்கொண்டிருந்தன.

"மச்சி, ஒண்ண எறக்கித் தரவா?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"வேணாம், இருக்கட்டும். கீழ உக்காந்து தொழுதுக்கிறேன்." காலை நீட்டிச் சைகையில் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நின்று தக்பீர் கட்டியாயிற்று. ருகூஉ முடிந்து நிமிர்ந்தேன். சுவரில் கை வைத்தேன். ஒரு முட்டி. இன்னொரு முட்டி. இரண்டும் மடங்கின. கை தரையில். பிறகு நெற்றி.

விரிப்பு குளிர்ந்திருந்தது. மலை ஊரில் தரை எப்போதும் ஈரக் குளிர்ச்சி. மூக்குக்கு நேராக அந்தப் பழைய விரிப்பின் வாசம், அதற்குப் பின்னால் வீடு முழுக்கச் சாக்லேட் வாசம். சுப்ஹான ரப்பியல் அஃலா என்றேன். மூன்று முறை சொல்வது. மூன்றும் முடிந்தது. எழுந்திருக்க மனசில்லை.

காலடிச் சத்தம் ஓடி வந்தது. "யா அல்லாஹ்! மச்சி! முட்டி பிடிச்சுக்கிருச்சா? தூக்கி விடவா?"

தொழுகையில் இருக்கிறவள் எப்படிப் பதில் சொல்வாள்? அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் சுப்ஹான ரப்பியல் அஃலா இன்னொரு முறை சொன்னேன்.