மூன்றாவது ஒயரும் அரை டிகிரியும்

என் ஆசைக் கஸ்தூரி அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. போடியில் நம் கடைக்கு வருகிறவர்கள் இன்னும் உன்னைத்தான் கேட்கிறார்கள். "பெரியவுக செஞ்சாகளே, அது மாதிரி ஒரு பெட்டி வேணும்." நீ படித்த அதே பாலிடெக்னிக்கில் உன்னைவிட அதிக மார்க் வாங்கினவள் நான். அது யாருக்குத் தெரியும்?

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குள் எவ்வளவு சூடு என்று காட்டுகிற பெட்டி. அதுதானே நம் தொழில்? உன் பெட்டியிலிருந்து சென்சாருக்கு மூன்று ஒயர் போகும். "ரெண்டு போதுமே, மூணாவது எதுக்குக்கா சும்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "சும்மா இல்லடி. நீளமா ஒயர் இழுத்துப் பாரு, தெரியும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு பிடிக்காமல் அதற்குமேல் நான் கேட்கவில்லை.

போன மாதம் தேவாரத்து ராசாமணி ஐயா, மலையில் புதிதாகக் கட்டிய ஸ்டோருக்குப் பெட்டி கேட்டார். உன்னைப் பார்த்து எழுதினேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அதனாலேயே இரண்டு ஒயரில் என் சொந்த சர்க்யூட்டை வரைந்தேன். கடை மேசையில் ஒரு முழ ஒயரில் சென்சாரை மாட்டி ஐஸ் தண்ணீரில் வைத்தேன். சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. ஜீப்பில் ஏறிப்போய் மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "பெட்டி அம்பதுன்னு காட்டுது தாயி. காயி இன்னும் கையில நசுங்குது. வந்து பாரு."

கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நாற்பத்து மூன்றுதான். ஐயா திட்டவில்லை. "பக்கத்து ஸ்டோர்ல அக்கா மாட்டுனது அங்கனதான் இருக்கு. ஒரு நாளும் பொய் சொன்னதில்ல" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

சூடு ஏறினால் சென்சாரின் மின்தடை ஏறும். அதைத்தான் சர்க்யூட் அளக்கிறது. ஸ்டோரிலிருந்து ஆபீஸ் அறை வரை நாற்பது மீட்டர் ஒயருக்கும் மின்தடை உண்டே. அதையும் என் பெட்டி சூடென்று கணக்கில் சேர்த்துவிட்டது. ஏழு டிகிரியைக் கழித்துக் காட்டும்படி திருகிவிட்டு வந்திருக்கலாம்தான். நாளைக்கு ஒயரை மாற்றினால் மறுபடி தப்பாகும். உன் மூன்றாவது ஒயர், ஒயரின் மின்தடையை மட்டும் தனியாக அளந்து கழித்துவிடுகிறது. இதை அன்றைக்கே விளக்கியிருக்கக் கூடாதா? அல்லது நான்தான் கேட்டிருக்கக் கூடாதா?

நீ பெட்டி மாட்டிய அந்தப் பக்கத்து ஸ்டோர் அன்று ஓடவில்லை. உன் பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். பழுதாக எதுவும் இல்லை. குறை கண்டுபிடிக்கத்தான் கொண்டுவந்தேன் அக்கா, உன்னிடம் என்ன மறைப்பு?

கண்டுபிடித்தும் விட்டேன். தண்ணீரில் சரியாகக் காட்டுகிற உன் பெட்டி, அசையாத காற்றில் அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. சென்சாருக்குள் நீ தாராளமாகவே கரண்ட் விட்டிருந்தாய். அந்தக் கரண்டே அதை லேசாகச் சூடாக்கிவிடுகிறது. தண்ணீர் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும், அசையாத காற்று இழுக்காது. ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். சரியாகிவிட்டது.

யாருமில்லாத கடையில் கைதட்டினேன். உன்னிடம் சொல்லிக்காட்ட எழுந்தேவிட்டேன். நான்கு எட்டு நடந்த பிறகுதான் நீ இல்லையென்று உறைத்தது. ஒருவழியாக உன்னை ஜெயிக்கிறேன், தோற்பதற்கு நீ இருக்க வேண்டாமா? அன்று அழுததுபோல் உன் காரியத்தன்றுகூட நான் அழவில்லை.

உன் மூன்று ஒயரும் என் குறைந்த கரண்டுமாகப் புதிய பெட்டி செய்து மாட்டினேன். காய் நல்ல பச்சை நிறத்தில் இறங்கியது. ராசாமணி ஐயா ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா செஞ்ச மாதிரியே இருக்கு தாயி" என்றார். வயிறு எரிந்தது. ஆமாம் என்றேன்.

மலையில் இருக்கும் உன் பெட்டிகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக இறக்கி அந்த அரை டிகிரியைச் சரிசெய்வேன். மேலே ஒட்டியிருக்கும் உன் பெயரைத் தொடமாட்டேன். மூடிக்கு உட்புறம் மட்டும் பென்சிலால் என் பெயரையும் எழுதிவைப்பேன். அதற்கு நீ சண்டைக்கு வரக்கூடாது. வந்தாலும் சந்தோஷம்தான்.

உன்மேல் பொறாமை இன்னும் தீராத
உன் தங்கச்சி திலகா