என் பக்கத்துக் கதவு

என்னங்க,

உங்கள் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கடைசியில் மெக்கானிக்கிடமே கொடுத்துச் சரிசெய்துவிட்டேன். கத்தாதீர்கள், உங்கள் அண்ணன் வீட்டில் குழந்தைகள் பயந்துவிடும்.

ஓட்டைகளை அடைக்க நீங்கள் பூசிய பட்டியைச் சுரண்டினால் உள்ளே முழுக்கத் துரு. கால் வைக்கும் இடத்தில் நீங்கள் அடித்திருந்த பிஸ்கட் டின் தகரத்தைப் பார்த்ததும் மெக்கானிக் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"யாரும்மா இந்த வேலையைப் பார்த்தது?"

"எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க" என்றேன். உங்களை விட்டுக்கொடுப்பேனா?

எல்லாவற்றையும் சரிசெய்யச் சொன்னேன், என் பக்கத்துக் கதவைத் தவிர. நீங்கள் பூட்டை மாற்றிய நாளிலிருந்து அது வெளியிலிருந்து திறப்பதில்லை. நீங்கள் உள்ளே உட்கார்ந்து, எட்டித் திறந்துவிட்டால்தான் நான் ஏற முடியும். எவ்வளவு சண்டையானாலும் அந்த ஒரு நேரம் என் முகத்தைப் பார்ப்பீர்கள்.

இப்போது நானே ஓட்டப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன். இன்ஜின் சத்தம் உங்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு எடுத்துப்போன பெட்டியோடு வாருங்கள். கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

நான் எட்டித் திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி